பேசாத பிள்ளையும் பேசும் ஜோசியனும்

2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி காலையில் சூரிய கிரகணம் பிடித்தது. கோயமுத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் அது வளையமாகத் தெரிந்தது. இன்ன ஊரில் இன்ன நிமிஷத்தில் தெரியும் என்று வான சாஸ்திரிகள் பல வருஷங்களுக்கு முன்பே கணக்குப் போட்டு அச்சிட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னபடியே பிடித்தது, சொன்னபடியே விட்டது. அதே காலையில் கர்னாடகத்தில் கல்புர்கி ஜில்லாவைச் சேர்ந்த தாஜ்சுல்தான்பூர் என்னும் கிராமத்தில், ஊனமுற்ற குழந்தைகளைக் குழி வெட்டிக் கழுத்துவரை மண்ணில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் விரோதிகளல்ல, பெற்றவர்களேயாகும். கிரகண வேளையில் மண்ணில் புதைத்தால் ஊனம் தீருமென்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது. கிரகணம் விட்டது, ஊனம் விடவில்லை. குழந்தைகள் பயந்து அழுததுதான் கண்ட பலன்.

அந்தப் பெற்றோர்களைத் திட்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. பிள்ளை நடக்கவில்லை, பேசவில்லை என்று கண்ட இடமெல்லாம் ஓடுகின்றவர்களிடம் நமக்கு என்ன கோபம்? அவர்களை அந்தக் குழிவரையில் அழைத்து வந்தவர்கள் யார் என்பதுதான் நமது கேள்வி.

நம்முடைய நாட்டில் குழி வெட்டுவதில்லை யென்று பெருமைப்பட்டுக் கொள்வதற்கும் இடமில்லை. எட்டு மாதமாகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை யென்றால் நம் ஜனங்கள் முதலில் போகிற இடம் எது? ஆஸ்பத்திரியா? இல்லை, ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியன் வீட்டுக்குப் போகிறார்கள். அவன் ராகு என்கிறான், கேது என்கிறான், தகப்பன் ஜாதகத்தில் பிதுர் தோஷம் என்கிறான். பரிகாரத்துக்கு ஒரு ஜாபிதா எழுதிக் கொடுக்கிறான். அதையும் செய்து பலிக்கவில்லை யென்று போனால், குலதெய்வக் குற்றம் என்று வேறொரு பக்கம் தள்ளிவிடுகிறான். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி. பேச்சு வராவிட்டால் நாக்கில் வசம்பைத் தேய்ப்பது, தேனைத் தடவுவது. (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விஷம் குழந்தையின் தசைகளைச் செயலற்றுப் போகச் செய்யும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.) இவை எதுவும் தெரியாத பாட்டியும், "ஆம்பிளைப் பிள்ளை மெள்ளத்தான் பேசும், இவன் தாத்தாவே அஞ்சு வயசில்தான் வாய் திறந்தார்" என்று சொல்லி ஒரு வருஷத்தைக் கழித்துவிடுகிறாள்.

இதில் இந்து மதத்தை மாத்திரம் நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓதி நூல் கட்டுகிற தர்காவும், தலையில் கைவைத்துக் கூச்சல் போடுகிற ஜெபக் கூட்டமும் இதே வியாபாரத்தைத்தான் வேறு பலகை மாட்டி நடத்துகின்றன. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், காலில் சங்கிலியோடு தீயில் கருகிச் செத்தார்கள். அவர்கள் வயது வந்த நோயாளிகள். நாம் இங்கே பேசுவது குழந்தைகளைப் பற்றி. ஆனால் வைத்தியனிடம் போக வேண்டியவனைச் சாமியிடம் கொண்டுபோய் விடும் வழக்கம் ஒன்றேதான்.

சரி, இதனால் என்ன நஷ்டம்? பரிகாரத்துக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ போகிறது, போகட்டுமே யென்று சிலர் சமாதானம் சொல்லலாம். ரூபாய் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஜோசியன் தின்றுவிடுவது ரூபாயையல்ல. பிள்ளையின் வயதைத் தின்றுவிடுகிறான். பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதன் மூளையில் ஏறக்குறையக் கால் பங்குதான் இருக்கிறது. இரண்டு வயதிற்குள் அது முக்கால் பங்கு ஆகிவிடுகிறது. பார்ப்பதும் கேட்பதும் கை கால்களை ஆட்டுவதும் மூளைக்குள் பாதை போடுகிற காலம் அதுதான். அந்தக் காலத்தில் கொடுக்கும் பயிற்சிக்கு இருக்கிற பலன், அதே பயிற்சியை ஏழு வயதில் கொடுத்தால் இருப்பதில்லை. ஏழரைச் சனி விலகட்டும் என்று ஏழரை வருஷம் காத்திருக்கிற தகப்பனுக்கு, விலகிப்போனது சனியல்ல, பிள்ளையின் மூளை வளருகிற காலம் என்பதை யார் எடுத்துச் சொல்லுவது?

இந்தக் கர்மக் கதைக்கு வேர் எங்கேயிருக்கிறது என்று தேடினால் வழக்கம்போல் மனுதர்மத்தில்தான் போய் முட்டுகிறோம். அதன் 11-ஆம் அத்தியாயத்தில், எந்தப் பாவம் செய்தவன் மறு ஜன்மத்தில் எந்தக் குறையோடு பிறப்பான் என்று கடை விலைப்பட்டியல் போல் எழுதி வைத்திருக்கிறது. குதிரையைத் திருடினவன் நொண்டியாகவும், வேத வாக்கைத் திருடினவன் ஊமையாகவும், விளக்கைத் திருடினவன் குருடனாகவும் பிறப்பானாம். புத்தி மட்டாய்ப் பிறப்பதும் முன்வினை மிச்சந்தானாம். அப்படியானால் ஒரு கேள்வி கேட்கிறோம்: குழந்தை பிறந்தவுடன் மூச்சுத் திணறி மூளைக்குப் பிராணவாயு போகாமல் நின்றால் மூளை வாதம் வருகிறதே, அந்தப் பிரசவத்தைத் தேர்ந்த மருத்துவச்சி பார்த்து உடனே மூச்சு வரச் செய்துவிட்டால் பெரும்பாலும் வராமல் போகிறதே, அப்போது குதிரை திருடின பாவம் எங்கே போயிற்று? மருத்துவச்சியின் கைக்கே தோற்று ஓடுகிற கர்மம் என்ன கர்மம்?

இதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. அதே மனுதர்மம் 9-ஆம் அத்தியாயத்தில், பிறவிக் குருடு, செவிடு, ஊமை, புத்தியில்லாதவன் ஆகியோருக்குச் சொத்தில் பாகமில்லை, சோறும் துணியும் போட்டால் போதும் என்று விதித்து வைத்திருக்கிறது. இது ஏட்டோடு நின்ற சங்கதியல்ல. இந்து லா என்ற பெயரால் கோர்ட்டுகளில் அமலில் இருந்த விஷயம். 1928-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, ஊனத்தின் பேரால் வாரிசுரிமையைப் பறிக்கக் கூடாது என்றார்கள். அந்தச் சட்டத்திலும் பிறவியிலேயே புத்தி வளராதவர்களையும் பிறவிப் பயித்தியங்களையும் மாத்திரம் விலக்கி வைத்தார்கள். கண்ணில்லாதவனுக்குப் பாகம் கிடைத்தது. புத்தி வளராத பிள்ளைக்கு 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருகிறவரையில் கிடைக்கவில்லை. முன்ஜன்ம வினையென்று சொன்னதில் யாருக்கு லாபம் என்பது இப்போது விளங்குகிறதா? பிள்ளையின் தலையில் வினையை எழுதிவிட்டுப் பங்காளி அவன் நிலத்தை எழுதிக் கொண்டான்.

வினையின் மற்றொரு பாதியைத் தாயின் தலையில் எழுதினார்கள். கர்ப்ப காலத்தில் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள், அரிவாள்மணையைத் தொட்டாள், நடுநிசியில் புளியமரத்தடியில் போனாள் என்று மாமியார் முதல் எதிர்வீட்டுக்காரி வரையில் ஆளுக்கொரு குற்றப்பத்திரிகை. தகப்பன் எதைத் தொட்டான் என்று கேட்பார் ஒருவருமில்லை. மேனாட்டாரும் இதில் சுத்தமாயிருந்து விடவில்லை. ஆட்டிசம் என்பதை 1943-இல் லியோ கானர் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு, தாய் அன்பில்லாமல் வளர்ப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற ஒரு கொள்கை அங்கே பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் அதற்கென ஒரு புஸ்தகமே போட்டார். ஆயினும் அவருக்கு முன்னமேயே 1964-இல், தானும் ஒரு ஆட்டிசப் பிள்ளைக்குத் தகப்பனான பெர்னார்டு ரிம்லண்டு, இது மூளை சம்பந்தமானது, தாயின் குற்றமல்ல என்று ஆதாரங்களோடு எழுதிவிட்டார். ஆராய்ச்சி வளர வளரத் தாயைப் பழித்த கொள்கை குப்பையில் விழுந்தது. விஞ்ஞானி தப்புச் சொன்னால் மற்றொரு விஞ்ஞானி எழுந்து அதைக் கிழிக்கிறான். மனு சொன்னதைக் கிழித்தால் நம்மை நாஸ்திகர் என்கிறார்கள்.

"ஏன்?" என்று கேட்டதால் என்ன நேர்ந்தது என்பதற்கு நார்வே தேசத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். போர்க்னி ஏகலண்டு என்ற அம்மையாருக்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் பிறந்தபோது நன்றாயிருந்து, பின்னர் வளர்ச்சி நின்றுபோயின. குழந்தைகளிடம் ஒருவித முடை நாற்றம் வீசுவதை அந்தத் தாய் கவனித்தார். டாக்டர் டாக்டராகப் போய், இந்த நாற்றம் எதனால் என்று கேட்டார். பலர் கையை விரித்தார்கள். கடைசியில் 1934-இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து, உணவிலுள்ள ஒரு சத்தை அவர்கள் உடல் ஜீரணித்து மாற்ற முடியாமல் அது விஷம்போல் தேங்கி மூளையைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். 1950-க்குப் பிறகு அதற்கேற்ற பத்திய உணவு கண்டார்கள். 1960-களில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க டாக்டர், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தே அந்த வியாதியைக் கண்டுபிடிக்க வழி செய்தார். அவருக்கும் புத்தி வளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருந்தான். ஏகலண்டு அம்மையாரின் பிள்ளைகளுக்குக் காலம் கடந்து போயிற்று. ஆனால் அவர் கேட்ட கேள்வியால் பல தேசங்களில் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் தப்பித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர் மாத்திரம் நாற்றத்துக்குச் சாம்பிராணி போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த வியாதி நம் நாட்டில் அபூர்வம். அதே ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கக்கூடிய தைராய்டு குறை நம் நாட்டில் அவ்வளவு அபூர்வமல்ல. பிறந்த சில வாரத்திற்குள் கண்டுபிடித்துத் தினம் ஒரு சிறு மாத்திரை கொடுத்து வந்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளருகிறது. மாத்திரையின் விலை சொற்பம். தவறவிட்டாலோ, போன புத்தி திரும்புவதில்லை. இந்தச் சோதனை நம் தேசம் முழுவதிலும் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாயமாக்கப்படவில்லை. மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்க்கத் தவறாத நாட்டில், குதிகாலில் ஒரு ஊசி குத்த நாள் கிடைக்கவில்லை!

சொந்தத்தில் பெண் கட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்லாமலிருக்க முடியாது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிறவர்களுக்கெல்லாம் குறையோடு பிள்ளை பிறக்கும் என்பதல்ல. பெரும்பாலோருக்கு நன்றாகவே பிறக்கிறது. ஆனால் ஒரே ரத்தத்தில் மறைந்து கிடக்கும் குறை இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளையிடம் வெளிப்படுவதற்கு இடம் அதிகம். காது கேளாமை இதற்கு நல்ல உதாரணம். சொத்து வெளியே போகக்கூடாது, ஜாதி கலக்கக்கூடாது என்று போட்ட வேலிக்குப் பிள்ளையின் காது விலையாகிறது.

நிற்க, செய்ய வேண்டியது என்ன? மூன்று நான்கு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் நடக்கவும், சில சொற்கள் பேசவும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேர்க்கவும் வேண்டும். முன்னே பின்னே சில வாரங்கள் ஆகலாம். அதற்கு மேல் தாமதமானால், வந்த சொல் மறந்து போனால், உடனே காட்ட வேண்டும். பேசாத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும். ஊமையென்று மூலையில் உட்கார வைக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு நாக்கில் ஒரு குறையுமில்லை, காதில்தான் குறை. கேளாத சொல்லைப் பிள்ளை எப்படிப் பேசும்?

பயிற்சி என்றால் ஏதோ பெரிய மாயவித்தை என்று எண்ண வேண்டாம். பிசியோதெரபி செய்பவர் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் கழுத்தைத் தூக்கப் பழக்குகிறார், இறுகின காலை நீட்டி மடக்குகிறார், சாய்ந்துவிடாமல் உட்காரப் பலகை வைத்துக் கொடுக்கிறார். ஆக்குபேஷனல் தெரபி என்பது தானே சோறு எடுத்துச் சாப்பிடவும், பொத்தான் போடவும், கக்கூசுக்குப் போகவும் பழக்குவது. பேச்சுப் பயிற்சிக்காரர் பேசவைக்கிறார். வாய்ப்பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களைக் காட்டித் தண்ணீர் வேண்டும், வலிக்கிறது என்று தெரிவிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். இவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் செய்வதைப் பார்த்துக் கொண்டு, தாயும் தகப்பனும் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் தினந்தோறும் செய்ய வேண்டும். தகப்பனும் என்று நாம் வேண்டுமென்றேதான் எழுதுகிறோம். இதனால் எல்லாப் பிள்ளையும் மற்றவர்களைப் போல் ஆகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவன் எவனும் புரட்டன். ஆட்டிசமும், டவுன் சிண்ட்ரோமும் ஜுரம் போல் இறங்கிப் போகிற வியாதியல்ல. பிறர் கையை எதிர்பார்க்காமல் தன் சோற்றைத் தான் எடுத்துச் சாப்பிடுவதற்குப் பெயர்தான் அந்தப் பிள்ளைக்குச் சுயமரியாதை.

பட்டணத்தில்தானே இதெல்லாம் முடியும் என்பார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊர். அங்கே கழுத்தெலும்பு முறிந்து கை கால் வழங்காமல் போன ராமகிருஷ்ணன் என்பவர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்திருக்கிறது. ஆய்க்குடியில் முடிந்தது மற்றத் தாலுக்காக்களில் ஏன் முடியாது?

இதற்கிடையில் புதிதாக ஒரு ஜாதி ஜோசியன் கிளம்பியிருக்கிறான். அவன் விபூதி பூசுவதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கொள்கிறான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் தீரும் என்று லட்சக்கணக்கில் கறக்கிறான். சில ரத்த வியாதிகளுக்குத் தவிர மற்றவற்றுக்கு இதைச் சிகிச்சையாக விற்கக் கூடாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-லேயே விதி வகுத்தது. ஆட்டிசத்துக்கு இதைச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்க வாரியம் 2022-இல் சொல்லிற்று. பகுத்தறிவு என்பது கோவில் வாசலோடு நிற்பதல்ல. கிளினிக்கு வாசலிலும் வேண்டும். ஆதாரம் என்ன என்று பூசாரியைக் கேட்கிற வாயால் டாக்டரையும் கேளுங்கள். யோக்கியமான டாக்டருக்கு அதனால் கோபம் வராது.

சர்க்கார் என்ன செய்கிறது என்பதையும் பார்ப்போம். 2013-ஆம் வருஷ முதல் ஒரு திட்டத்தின்கீழ் டாக்டர்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். குறை கண்டால் ஜில்லாவின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே சிகிச்சையும் பயிற்சியும் இலவசம். 1995-ஆம் வருஷச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன, ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-ஆம் வருஷச் சட்டம் அதை 21 வகையாக்கிற்று. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் மையம் இருப்பது ஜில்லாத் தலைநகரில்; பிள்ளை இருப்பது நாற்பது மைலுக்கு அப்பால். வாரம் ஒருமுறை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற கூலிக்காரத் தாய்க்கு அன்றைய கூலி போயிற்று. சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தது. மூன்று வாரம் வந்து நாலாவது வாரம் வராமல் போனால், தாய்க்கு அக்கறையில்லை என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கொள்கிறார்கள்! ஆரம்பப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், நடுநிலைக்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2021-இல் தீர்ப்புச் சொல்லிற்று. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று போய் எண்ணிப் பாருங்கள். பயிற்சி ஆட்கள் தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாளாவது வருவதற்கு வழி செய்யாமல், ஜில்லாவுக்கு ஒரு கட்டடம் கட்டிப் பலகை மாட்டினால் போதுமா?

கடைசியாக, "கடவுளின் பேரால் அந்தத் தாய்க்கு ஒரு ஆறுதல் இருக்கிறதே, அதையும் பிடுங்குவானேன்?" என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்கு ஒரு வார்த்தை. முன்ஜன்மத்தில் நீயும் உன் பிள்ளையும் பாவம் செய்தீர்கள் என்று சொல்லுவது எந்த ஊர் ஆறுதல்? அந்தத் தாய்க்கு ஆறுதல் வேண்டுமென்று உண்மையாகவே நினைக்கிறவர்கள், அவள் குளிக்கவும் சாப்பிடவும் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கொள்ளட்டும். கலியாண வீட்டுக்கு அந்தப் பிள்ளையையும் அழைத்து வா என்று சொல்லட்டும். அபசகுனம் என்று முகத்தைத் திருப்பிக் கொண்டு ஆறுதல் பேச வரவேண்டாம்.

தோழர்களே! உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோரோடு நீங்களும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். பிறப்புச் சர்ட்டிபிகேட், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் போட்டோ இவற்றோடு ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல ஆபீசில் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். கடும் குறையுள்ள பிள்ளைக்குச் சென்னை சர்க்கார் மாதாமாதம் கொடுக்கும் பராமரிப்புப் பணம் 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கும் மனுச் செய்யுங்கள். ஆட்டிசம், மூளை வாதம், புத்தி வளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா என்னும் இன்சூரன்ஸில் ஒரு லட்சம் ரூபாய் வரையில் வைத்தியத்துக்கும் பயிற்சிக்கும் இடமிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோமென்று எந்தத் தலைமை ஆசிரியராவது சொன்னால், வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த நிமிஷமே சேர்த்துக் கொள்ளுவார்கள். எழுதியே கொடுத்துவிட்டால், அந்தக் காகிதத்தோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு மனுப் போடுங்கள். விசாரிக்க அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது.